கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

மார்கழித் திருவாதிரையன்று நடராசப் பெருமானின் திருமுன்னே கைகூப்பிக் கண்கலங்கி நிற்போர் எம்மிற் பலர். அத்திருவுருவத்தின் தத்துவத்தை மேலைத்தேயத்தவரும் உணருமாறு எடுத்துரைத்தவர் எம்நாட்டிற் பிறந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

சட்ட நிரூபண சபை உறுப்பினராக விளங்கி, 1874இல் 'சேர்' பட்டம் பெற்றவர் முத்துக் குமாரசுவாமி. அன்னாருக்கும் ஆங்கிலேயரான எலிசபெத் அம்மையாருக்கும் புதல்வராக ஆனந்தர் 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே அவதரித்தார். சேர் பொன். இராமநாதன், சேர் பொன். அருணாசலம் ஆகியோருக்கு இவர் தாய்மாமன் மகனாவார். இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். தந்தையின் மொழியும் சமயமும் வழங்காத இங்கிலாந்திலே, தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார்.

இலண்டனில் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்ற ஆனந்தர், 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராக வந்தபோது இருபத்தைந்து வயது இளைஞர். சப்பிரகமுவாவிலே தோரியனைற்று என்னும் புதிய கனிமத்தைக் கண்டறிந்தார். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆனால் கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணிற் பட்டது வேறொன்று. தலைமுறை தலைமுறையாகத் தொழில் புரிந்த சிற்பியும் தட்டாரும் நெசவாளரும் ஆதரிப்பாரின்றி நலிந்துகொண்டிருந்தனர். உயர்பதவியை விட்டு விலகினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் தமது சொந்த அச்சகத்திலே 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்.

பின்னர் பாரதமெங்கும் சுற்றி அரிய ஓவியங்களைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு காசியிலே ஒரு கலைக்கூடம் அமைக்க விரும்பியும் கைகொடுப்பார் இல்லை. (வீட்டுப் பொக்கிசத்தை அயலவன் மெச்சிய பின்பே நாமும் மெச்சுவோம், இந்தப் பழக்கம் இன்றும் எம்மை விட்டபாடில்லை.) முதல் உலகப்போரிலே பிரித்தானியப் படையிற் சேர மறுத்து, 1917இல் அமெரிக்கா சென்று பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளரானார். ஓவியத் தொகுப்பும் அங்கேயே சென்றடைந்தது.

சிவநடனம் பற்றிய அவரது கட்டுரை முதலில் வெளிவந்தது 1912இல், சென்னைச் 'சித்தாந்த தீபிகை' என்னும் சைவ சஞ்சிகையிலேயாகும். திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் ஆதாரமாகக் கொண்டு, உடுக்கு படைத்தலையும், அபயகரம் காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்குமாற்றை அதில் விளக்கினார். 1918இல் நியூயோர்க்கில் அது நூலுருவம் பெற்ற பின்னரே மேலைநாட்டு அறிஞர் எம்பெருமானின் படிமத்தை வேறு கண்கொண்டு நோக்கலாயினர். தமிழ்ச் சூழலில் வளராத ஒருவர் சாத்திரத்தின் உட்பொருளை இவ்வளவு நுட்பமாகப் பற்றிக்கொண்டமை வியப்புக்குரியதே. அவ்வளவு தூரம் நாம் முயன்றோமா என்றும் கேட்கத் தோன்றுகின்றது.

முப்பது ஆண்டுகள் பொஸ்ரனிலே பணியாற்றிய கலாயோகி, 1947 ஆகஸ்டில் நிகழ்ந்த எழுபதாவது பிறந்தநாள் விழாவிலே, பாரதம் திரும்பி இமயத்தின் சாரலில் தவவாழ்வு வாழப்போவதாக அறிவித்தார். பதினெட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 9ஆம் நாள், நீதம் நகரிலுள்ள தமது இல்லத்திலே சிவபதமடைந்தார்.