லூயி சல்லிவன்

1871ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் தீப்பற்றிக்கொண்டது. அந்நகரின் வீடுகளில் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. தெருவோர நடைபாதைகளும் மரப்பலகைகளே. நெடுநாள் மழையின்றி உலர்ந்து கிடந்த அந்நகரில் காற்றும் நெருப்புக்குத் துணை நின்றது. மூன்றாம் நாள் மழைத்துளி விழுந்த பின்னரே தீ முற்றும் அவிந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்து வெட்டவெளியில் நின்றனர்.

சாம்பல் ஆறுமுன்னரே சிகாகோ மக்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் தேடத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1873ஆம் ஆண்டு நவம்பரில், பதினேழு வயது இளைஞன் ஒருவன் புகைவண்டியிலிருந்து அந்நகரில் இறங்கினான். இடிபாடுகளும் சாரங்களும் அவன் கண்ணில் பட்டன. பிறர்க்கு அது பாழ்பட்ட ஊராகத் தோன்றியிருக்கலாம். அவனுக்கோ தான் பிறந்ததன் பயன் அங்கேதான் நிறைவேறும் என்று தோன்றிற்று. அவ்விளைஞனே லூயி சல்லிவன்.

சல்லிவன் 1856ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் அயர்லாந்து நாட்டினர். நடனம் பயிற்றும் ஆசிரியர். அன்னையார் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். பெற்றோர் ஊர்விட்டு ஊர் சென்று தொழில் நடத்தியமையால், சிறுவன் பாட்டனார் வீட்டிலேயே பெரிதும் வளர்ந்தான். பாட்டனாருக்குப் பாஸ்டனுக்கு வடக்கே ஒரு பண்ணை இருந்தது. பள்ளிக்கூடத்தின் நான்கு சுவர்களைக் காட்டிலும் அப்பண்ணையின் மரங்களும் ஓடையுமே அவனுக்கு இனிய ஆசிரியர்களாயின. விதை முளைவிட்டு இலை விரித்துப் பூத்தலை அவன் அமர்ந்து நோக்கிய நாட்கள் வீண்போகவில்லை. பின்னாளில் அவர் கட்டிய மாடங்களின் சுடுமண் ஓடுகளில் படர்ந்த கொடிகளும் இலைகளும் அப்பண்ணையில் வேர்கொண்டவையே.

பதினாறாம் வயதில் பாஸ்டன் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். ஓராண்டுக்குமேல் அங்கே அவர் மனம் பொருந்தவில்லை. பிலடெல்பியாவில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பணிக்கு அமர்ந்தார். 1873ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அவ்வேலை போயிற்று. அதன்பின்னரே சிகாகோ வந்தார். அங்கு அவருக்கு வேலை அளித்தவர் வில்லியம் லெ பாரன் ஜென்னி என்பவர். சில திங்கள் அங்குப் பணியாற்றியபின், பாரிசுக்குச் சென்று பெயர்பெற்ற கவின்கலைக் கல்லூரியின் கடுமையான நுழைவுத் தேர்வில் தேறினார். ஆனால் பழைய கோயில்களின் தூண்களை மீண்டும் மீண்டும் வரையும் பயிற்சி அவருக்குக் கசந்தது. ஓராண்டு நிறையுமுன்னரே சிகாகோ திரும்பினார்.

அக்காலத்தில் நகரின் நடுவே நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் விரிய இடமில்லை. மேல்நோக்கி உயர்வதே வழி. இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஐந்து மாடிக்குமேல் படியேறிச் செல்ல எவரும் விரும்பார். வடம் அறுந்தாலும் கீழே விழாத தூக்கியை எலிஷா ஓட்டிஸ் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்தமையால் அத்தடை நீங்கிற்று. மற்றொரு தடை சுவரே. மேல்மாடிகளின் சுமை முழுவதையும் சுவர் தாங்குமாயின், மாடிகள் பெருகப் பெருக அடிச்சுவர் பருத்துக்கொண்டே செல்லும். 1891இல் சிகாகோவில் எழுந்த மொனாட்நாக் என்னும் பதினாறு மாடிக் கட்டடத்தின் அடிச்சுவர் ஆறடிக் கனமுடையது! விலையுயர்ந்த நிலத்தைச் சுவரே விழுங்கிவிட்டால் வாடகைக்கு விட எஞ்சுவது யாது? இதற்கு விடை கண்டவர்களுள் முன்னவர் ஜென்னி. 1885இல் அவர் கட்டிய பத்து மாடிக் கட்டடத்தில் இரும்பாலும் எஃகாலும் ஆகிய தூண்களும் விட்டங்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெருஞ்சுமையைத் தாங்கின. உடலுக்கு எலும்புக்கூடு போன்றது அச்சட்டம். இம்முறை வளர்ந்தபோது சுவர் வெறும் தோலாயிற்று.

எலும்பு கிடைத்தது, தோலும் கிடைத்தது. அவ்வுடலுக்கு முகம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது எவர்க்கும் விளங்கவில்லை. கிரேக்கக் கோயிலின் மீது இத்தாலிய மாளிகையையும் அதன்மீது வேறொரு மாளிகையையும் அடுக்கிவைத்தாற்போலப் பலர் கட்டினர். உயரமாக எழுந்த கட்டடம் தன் உயரத்துக்கு நாணி நின்றது எனலாம்.

இந்நிலையில் சல்லிவனுக்கு வாய்த்த துணைவர் டாங்க்மார் ஆட்லர். செருமனியில் பிறந்து, இளமையில் அமெரிக்கா வந்து, உள்நாட்டுப் போரில் படைவீரராக நின்றவர். சல்லிவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடைக்கால் இடுவதிலும் கணக்கிடுவதிலும் ஒலி பரவும் வகையை அறிவதிலும் அவருக்கு நிகரானவர் சிகாகோவில் அரியர். கட்டுவிப்போரிடம் பேசி அவர்தம் நம்பிக்கையைப் பெறும் ஆற்றலும் அவருக்கே உரியது. சல்லிவனோ எவரிடமும் பணிந்து பேசாதவர். ஒருவர் குறையை மற்றவர் நிறைவாக்கிய அக்கூட்டுறவு 1883இல் முறைப்படி அமைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 180 கட்டடங்களைத் தந்தது.

அவற்றுள் பெரியது ஆடிட்டோரியம். 4,000க்கும் மேற்பட்டோர் அமரும் இசையரங்கு நடுவில். அதனைச் சூழ விடுதியும் அலுவலகங்களும். ஒருபுறம் பதினேழு மாடிக் கோபுரம். சிகாகோவின் மண்ணோ நீரூறிய களிமண். கோபுரத்தின் சுமை ஓரிடத்தில் மிகுதி, பிறவிடங்களில் குறைவு. எல்லாம் ஒருசேர அமிழாவிடின் சுவர்கள் பிளவுபடும். ஆட்லர் இதற்கு ஒரு சூழ்ச்சி கண்டார். கோபுரம் எழுந்து முடியுமுன்னரே, அதன் அடியில் இரும்புக் கட்டிகளையும் செங்கற்களையும் அடுக்கி, முழுக் கோபுரத்தின் எடையை முன்னதாகவே மண்ணின்மீது ஏற்றினார். கோபுரம் வளர வளர அச்சுமை இறக்கப்பட்டது. ஆயினும், பணி நடக்கும்போதே புறச்சுவர்களைச் செங்கல்லுக்கு மாற்றாகக் கனத்த கருங்கல்லால் கட்ட உரிமையாளர் முடிவு செய்தமையால், கணக்கு ஓரளவு பிழைபட்டது. புறச்சுவர்கள் பின்னாளில் ஓர் அடிக்கும் மேலாக அமிழ்ந்தன. கட்டடம் மட்டும் வீழவில்லை.

1889ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் முன்னிலையில் அரங்கு திறக்கப்பட்டது. பொன்னிற வளைவுகளில் சல்லிவன் வரைந்த இலைக்கோலங்கள் மின்விளக்குகளின் ஒளியில் மின்னின. அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்தவரும் மேடையில் பாடியவர் குரலைத் தெளிவுறக் கேட்டனர். அஃது ஆட்லரின் திறன். கூட்டாளிகள் இருவரும் தங்கள் அலுவலகத்தை அக்கோபுரத்தின் உச்சிக்கே மாற்றிக்கொண்டனர். ஊரும் ஏரியும் அங்கிருந்து காலடியில் கிடந்தன.

அவ்வலுவலகத்தில் பணியாற்றிய இளைஞருள் ஒருவர் பிராங்கு லாயிட் ரைட்டு. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவர், 1888இல் இருபது வயதினராய் அங்குச் சேர்ந்தவர். 1890இல் ஒருநாள் சல்லிவன் ஒரு வரைபடத்தை ரைட்டின் மேசைமீது கொணர்ந்து போட்டார். செயிண்டு லூயி நகரில் வெயின்ரைட்டு என்னும் செல்வர் கட்டக் கருதிய பத்து மாடிக் கட்டடத்தின் முகப்பு அது. சில நிமிடங்களில் வரைந்து முடித்தது என்று சல்லிவனே சொல்வதுண்டு. அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் பதினேழு ஆண்டுச் சிந்தனை இருந்தது.

கீழிரண்டு மாடிகள் கடைகளுக்கும் வருவோர் போவோர்க்கும் உரியவை. ஆதலின் அகன்ற சாளரங்கள். அவற்றின்மேல் ஏழு மாடிகள். ஒன்றுபோல் மற்றொன்று அலுவலக அறைகள். ஆதலின் ஒன்றுபோலவே காட்சியளிக்கும் சாளரங்கள். அவற்றினூடே செங்கல் தூண்கள் தடையின்றி மேல்நோக்கி ஓடும். உச்சி மாடியில் நீர்க்குழாய்களும் பொறிகளும். ஆதலின் அங்குச் சிறு வட்டச் சாளரங்களும் கொடிகள் செறிந்த சுடுமண் பட்டையும். உயர்ந்த கட்டடம் தன் உயரத்தைப் பெருமையோடு உரைத்தது அங்கேதான். பயனை ஒட்டியே உருவம் அமைதல் இயற்கையின் நெறி என்றும், கட்டடமும் அந்நெறிக்கு விலக்கன்று என்றும் 1896இல் அவர் எழுதிய கட்டுரை, அடுத்த நூற்றாண்டின் கட்டடக் கலைஞர்க்கு வேதம் போலாயிற்று. ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். வெயின்ரைட்டுக் கட்டடத்தின் செங்கல் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றனுள்தான் எஃகுத்தூண் உண்டு. இடைப்பட்டவை அழகுக்காகவே நின்றவை. தம் கொள்கையை ஆசிரியர் தாமே முற்றும் கைக்கொள்ளவில்லை. அக்கட்டடத்தின் அழகு அதனாற் குறைந்ததாக யாரும் கருதியதில்லை.

1893இல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. டேனியல் பர்னம் என்பார் தலைமையில் ஏரிக்கரையில் எழுந்த மண்டபங்கள் பலவும் வெண்ணிறத்தன. கிரேக்க, உரோமானியத் தூண்களைத் தாங்கியவை. சல்லிவன் அமைத்த போக்குவரத்து மண்டபம் மட்டும் பல நிறம் கொண்டு, பொன்வாயிலோடு தனித்து நின்றது. பிரெஞ்சுக் கலைக் கழகம் ஒன்று அதற்குப் பதக்கம் அளித்தது. மக்கள் உள்ளத்தைக் கவர்ந்ததோ வெண்ணிற நகரமே. அதனால் நேர்ந்த கேடு அரை நூற்றாண்டுக்கு நீடிக்கும் என்று சல்லிவன் பிற்காலத்தில் வெகுண்டு எழுதினார். அதில் உண்மை உண்டெனினும், அது முழு உண்மையன்று. நகரம் முழுவதையும் ஒருங்கே திட்டமிட்டு அமைக்கலாம் என்னும் எண்ணத்தை அப்பொருட்காட்சியே வளர்த்தது. 1909இல் பர்னம் வெளியிட்ட சிகாகோ நகரத் திட்டம் ஏரிக்கரையைப் பொதுமக்களுக்கென வேண்டிற்று.

அதே 1893இல் நாடெங்கும் வங்கிகள் முறிந்தன. கட்டட வேலைகள் நின்றன. மூன்று பிள்ளைகளின் தந்தையான ஆட்லர் 1895இல் கூட்டுறவை விட்டு, தூக்கிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு அமர்ந்தார். சல்லிவன் இதனைத் துரோகமாகவே கொண்டார். ஆறு திங்களில் அவ்வேலை கசந்து ஆட்லர் திரும்பி வந்தபோது, பழைய கூட்டாளி கதவைத் திறக்கவில்லை. பஃபலோ நகரில் இருவரும் சேர்ந்து தொடங்கிய பதின்மூன்று மாடி காரண்டிக் கட்டடம் 1896இல் முடிந்தது. சுடுமண் கோலங்களால் அடி முதல் முடி வரை போர்த்தப்பட்ட அதுவே அவர்தம் உயர்மாடங்களுள் சிறந்ததென்பர் பலர். அதன்பின் இருவரும் சேர்ந்து பணியாற்றவில்லை. 1900ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆட்லர் காலமானார்.

சல்லிவனின் செருக்கு அவருக்கு எத்துணை விலை கேட்டது என்பது பின்னரே தெரிந்தது. வேலை தேடித் தருபவர் போயினார். வந்த வேலைகளையும் சல்லிவனின் கடுஞ்சொல் விரட்டியது. 1895க்குப் பின் எஞ்சிய இருபத்தொன்பது ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த கட்டடங்கள் ஏறத்தாழ இருபதே. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் அவர் கட்டிய பெரும் அங்காடி 1904இல் நிறைந்தது. அதற்குமேல் உயர்ந்த கட்டடம் ஒன்றும் அவரைத் தேடி வரவில்லை. குடிப்பழக்கம் மிகுந்தது. 1909இல் தம் நூல்களையும் அரிய கலைப்பொருள்களையும் ஏலத்தில் விற்றார். அவ்வாண்டே மனைவி பிரிந்தார். இருபது ஆண்டுகள் உடனிருந்த உதவியாளரும் ஊதியம் இன்மையால் விலகினார். மிசிசிப்பிக் கடற்கரையில் ரோசாத்தோட்டத்தோடு அவர் அன்புடன் வளர்த்த சிறு குடிலும் அடுத்த ஆண்டு கைமாறிற்று.

இந்நாட்களில் அவரை நாடி வந்தவர்கள் பெருநகரச் செல்வர் அல்லர். சிற்றூர் வங்கிகளை நடத்தியவர்கள். மின்னசோட்டா மாநிலத்து ஓவட்டோனா என்னும் ஊரின் வங்கியாளர் ஒருவர், சல்லிவனின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமே கடிதம் எழுதினார். 1908இல் அங்கு எழுந்த வங்கி, உழவர்கள் தானியம் விற்ற பணத்தைச் செலுத்த வரும் இடம். அகன்ற வளைவுச் சாளரங்களின் வண்ணக் கண்ணாடி வழியே ஒளி இறங்க, பசுமையும் பொன்னும் விரவிய அதன் உட்புறம் ஒரு திருக்கோயில் போல் அமைந்தது. ஒகாயோ மாநிலத்துச் சிட்னி என்னும் ஊரில், வங்கி எழ வேண்டிய மனைக்கு எதிரே தெருவோரத்தில் இரண்டு நாட்கள் அமர்ந்து புகைபிடித்தபடியே நோக்கினார். பின்னர்ச் சிறிது நேரத்தில் வரைந்து காட்டினார் என்பர். அவ்வங்கியின் இயக்குநருள் ஒருவர் கிரேக்கத் தூண்கள் வேண்டுமென விழைந்தார். சல்லிவன் படத்தைச் சுருட்டிக்கொண்டு, தூண் வரைய ஆயிரம் பேர் கிடைப்பர், இதனை வரையத் தாம் ஒருவரே என்று கூறிப் புறப்பட ஆயத்தமானார். வேலை அரிதாகிக் கையில் காசின்றி இருந்த காலம் அது! வங்கியார் இணங்கினர். அக்கட்டடம் 1918இல் எழுந்தது.

அதே ஆண்டில் ஆடிட்டோரியக் கோபுரத்தின் உச்சியிலிருந்த அலுவலகத்தை வாடகை செலுத்த இயலாமல் விட்டு இறங்கினார். முன்னர் மனத்தாங்கலோடு பிரிந்த ரைட்டு இப்போது மீண்டும் அணுகினார். பணம் தந்து உதவினார். கலைஞர் மன்றம் ஒன்று அவருக்கு எழுதுவதற்கு ஒரு மேசை தந்தது. அங்கமர்ந்து தம் வரலாற்றை எழுதினார். பண்ணையின் ஓடையும் மரங்களும் அந்நூலில் பக்கம் பக்கமாக விரிகின்றன. 1893ஆம் ஆண்டுப் பொருட்காட்சியோடு வரலாறு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி எழுத அவர் கை எழவில்லை போலும்.

நூலின் முதற்படி அச்சாகி அவர் கைக்கு வந்த சில நாட்களில், 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சிகாகோ விடுதியொன்றின் சிற்றறையில் சல்லிவன் உயிர்நீத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்தே அன்பர்கள் அவர் கல்லறைமீது நினைவுக்கல் நாட்டினர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் பொற்பதக்கத்தை 1944இல் அவருக்கு அறிவித்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

நகரத்தை உயரச் செய்த அதே நிலவிலையே அவர் கட்டடங்களையும் இடித்துத் தள்ளியது. 1961இல் ஓர் அரங்கு இடிந்தது. 1972இல் அவர் கட்டிய சிகாகோப் பங்குச் சந்தைக் கட்டடம் இடிக்கப்பட்டது. ரிச்சர்டு நிக்கல் என்னும் ஒளிப்படக் கலைஞர், இடிபாடுகளுக்குள் நுழைந்து சல்லிவனின் கோலங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் காத்து வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உள்ளே சென்ற அவர் வெளிவரவில்லை. சரிந்த தளத்தின் அடியிலிருந்து நான்கு வாரங்கள் கழித்தே அவர் உடல் கிடைத்தது. அக்கட்டடத்தின் வணிகக் கூடத்தைச் சிகாகோக் கலைக்கூடத்தினர் தம் இடத்தில் துண்டு துண்டாகச் சேர்த்து மீண்டும் அமைத்தனர். அதன் நுழைவாயில் வளைவு, கதவும் சுவரும் இன்றி, அக்கலைக்கூடத்தின் புறத்தே புல்வெளியில் நிற்கின்றது.