சென்சார் கடையில் கிடைக்காத காலத்தில் ஜெகதீஷ் சந்திர போஸ் என்ன செய்தார்?

அறையில் ஆள் இருந்தால் மட்டும் விளக்கு எரியும் சென்சாரை நீங்களே செய்யப் போகிறீர்களா? இஎஸ்பி32 போர்டு, 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சிப், எல்லாம் ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடும். கிட்டத்தட்ட அதே அலையை 1890-களிலேயே கொல்கத்தாவில் ஒருவர் உருவாக்கி, பிடித்தும் காட்டினார். அவருக்கு ஆர்டர் போட இடமே இல்லை.

ஜெகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858-ல். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. குடும்பம் கடனில் இருந்தும், 3 வருடம் சம்பளத்தைத் தொடாமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுப் பாக்கியையும் கொடுத்தது.

ஆய்வகம்? ஒரு குட்டி அறை. உதவிக்கு, தகர வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர்.

ரேடியோ அலையைப் பிடிக்க அப்போது பலரும் நம்பியது கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூளை. அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான். குழாயைத் தட்டினால்தான் அடுத்த அலையை உணரும். சென்சார் ஹேங் ஆவது புதுக்கதை இல்லை! போஸ் தூளை விட்டுவிட்டு, மெல்லிய எஃகு ஸ்பிரிங்குகளை வரிசையாக வைத்து, திருகால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுக்க, ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் செருகினார். 1895-ல் டவுன் ஹாலில் அவர் அனுப்பிய அலை சுவர்களைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது.

கலீனா படிகத்தில் செய்த டிடெக்டருக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையே அவருக்குப் பிடிக்காது. நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பித்தார்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தொடர்ந்து வேலை வாங்கினால் அவருடைய டிடெக்டர் மந்தமாகும். ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். நாமா இருந்தா கோளாறு என்று ரீசெட் பட்டனை அழுத்தியிருப்போம். அவரோ, தசை களைப்பது மாதிரி இருக்கிறதே என்று யோசித்து, அங்கிருந்து செடிகளிடம் போனார். 1901-ல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ராயல் சொசைட்டியில் கட்டுரை அச்சேறாமல் நின்றது. பதிலுக்கு மறுபடியும் கருவிதான்: செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டிய கிரெஸ்கோகிராஃப். 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. உலோகமும் உயிரும் ஒன்றுபோலக் களைக்கும் என்ற அவருடைய வாதம் பின்னால் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1937-ல் கிரிடியில் இறந்தார். கொல்கத்தா போனால், 1917-ல் அவர் தொடங்கிய போஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளைப் பார்க்கலாம்.