இடையில் நின்ற கல்வி

மாதம் 450 ரூபாய் ஊதியம். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் பதவி. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் இப்பதவியை ஏற்றார் அண்ணல் அம்பேத்கர். பிறர்க்கு அது பெரும்பேறு. அண்ணலுக்கோ வழியிடைத் தங்கல்.

1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிற் சேர்ந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுக்குள் மீண்டு வந்து கல்வியைத் தொடரலாம் எனும் இசைவை மட்டும் பெற்று வந்தார். அக்கெடு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கல்லூரியில் மாணவர்கள் அவர் பாடத்தை விரும்பிக் கேட்டனர். ஆயினும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் நீர் அருந்துவதை உடனாசிரியர் சிலர் எதிர்த்தனர். துணைவியார் இரமாபாய் சிக்கனமாய்க் குடும்பம் நடத்த, அண்ணல் பொருள் சேர்த்தார். 1920 மார்ச்சில் பதவியைத் துறந்தார். சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர, அவ்வாண்டே இலண்டன் சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அரைவயிற்றோடு நாள்முழுதும் பயின்றார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்களை வென்றார், பாரிஸ்டரும் ஆனார்.

பானை நீர் மறுக்கப்பட்ட அப்பெருமகனே 1927இல் மகாட் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகி, அனைவர்க்கும் உரிமை கோரினார். 1937இல் உயர்நீதிமன்றமும் அவ்வுரிமையை உறுதி செய்தது.

வறுமையால் பள்ளியை விட்டுக் கூலிவேலைக்குச் சென்ற பிள்ளைகளை நம் தெருக்களில் காண்கிறோம். இடையில் நின்ற கல்வி முடிந்துபோன கல்வியன்று என அவர்களிடம் சொல்வோம். திரும்பி வர வழியும் செய்வோம்.