நிழலுக்கு அஞ்சிய குதிரை

கிரேக்க நாட்டுக்கு வடக்கே இருந்த மாசிடோனியாவின் மன்னன் பிலிப். அவன் மகனாகக் கி.மு. 356-ல் பெல்லா நகரில் பிறந்தவன் மாவீரன் அலெக்சாண்டர். பாரசீகம் முதல் பஞ்சாப் வரை படை நடத்திய அவன், முதன்முதலில் வென்றது ஒரு முரட்டுக் குதிரையை. அப்போது அவனுக்கு வயது 12 அல்லது 13 தான்.

குதிரைகளுக்குப் பேர்போன தெசலியிலிருந்து பிலோனிகஸ் என்ற வியாபாரி ஒரு குதிரையை ஓட்டி வந்தான். அதன் பெயர் பூசிபாலஸ். எருதின் தலை என்று பொருள். அவன் கேட்ட விலை 13 டாலண்ட். ஒரு டாலண்ட் என்றால் ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி!

மைதானத்தில் குதிரையைச் சோதித்தார்கள். யாரையும் அது அருகே விடவில்லை. நெருங்கியவர்களைக் கண்டு மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. மன்னனுக்குக் கோபம் வந்து, கொண்டுபோகச் சொல்லிவிட்டான்.

சிறுவன் மட்டும் விடவில்லை. பழக்கத் தெரியாமல் நல்ல குதிரையை இழக்கிறார்களே என்று மறுபடி மறுபடி முணுமுணுத்தான். பெரியவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ என்று கேட்டான் தகப்பன். முடியாவிட்டால் குதிரையின் விலையை நானே தருகிறேன் என்றான் மகன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கண்டுபிடித்த ரகசியம்

மற்றவர்கள் குதிரையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது, அவன் அதையே கவனித்துக் கொண்டிருந்தான். எதிரே ஆடி அசைந்த தன் நிழலைக் கண்டுதான் அது மிரண்டது. அவன் கடிவாளத்தைப் பிடித்து, முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னால் போயிற்று.

உடனே ஏறிவிடவில்லை. கூடவே சிறிது தூரம் ஓடினான். தடவிக் கொடுத்தான். மூச்சிரைப்பு அடங்கியதும், போர்த்தியிருந்த மேலாடையைச் சத்தமில்லாமல் நழுவவிட்டு முதுகில் தாவினான். அங்கவடி இல்லாத காலம் அது. அடிக்காமல், வாயைக் கிழிக்காமல், கடிவாளத்தை மெல்லப் பிடித்தான். பயம் தெளிந்து குதிரை ஓட விரும்பியபோதுதான் வேகமாக விட்டான். கோடி வரை போய்த் திரும்பிய மகனைக் கண்டு பிலிப் ஆனந்தக் கண்ணீர் விட்டதாகப் பிற்காலத்தில் கிரேக்க ஆசிரியர் புளூடார்க் எழுதினார்.

அதே நூற்றாண்டில் குதிரைப் பயிற்சி பற்றி நூல் எழுதிய செனபோன் என்ற தளபதியும் இதையே வற்புறுத்தினார். கோபத்தோடு குதிரையிடம் போகக் கூடாது. பயந்த பொருளருகே அடித்து இழுத்தால் பயம் இரட்டிப்பாகும். அந்த வலிக்கும் அப்பொருளே காரணம் என்று குதிரை எண்ணிவிடும்.

இன்றும் குட்டிக் குதிரையைப் பழக்குகிறவர்கள் முதலில் முதுகில் ஏறுவதில்லை. தரையில் நின்றே கூட நடத்தி, நிறுத்தி, திருப்பிப் பழக்குகிறார்கள். காது பின்னால் மடிந்தால் சினம், நம் பக்கம் திரும்பினால் கவனம் என்று அதன் உடம்பைப் படிக்கிறார்கள். நம் தோள், கை, நடை எல்லாவற்றையும் அதுவும் படிக்கிறது.

குதிரைக்குக் கிடைத்தது, நண்பனுக்கு இல்லை

அலெக்சாண்டர் அரிஸ்டாட்டிலிடம் பாடம் கேட்டான். கி.மு. 336-ல் பிலிப் கொலையுண்டதும் 20 வயதில் அரசனானான். கி.மு. 334-ல் ஆசியாவில் கால் வைத்தான். பெரும் போர்களில் பூசிபாலஸ் மீதே பாய்ந்தான். அதற்கு வயதான பின், அணிவகுப்புகளுக்கு வேறு குதிரைகளைக் கொண்டு அதைச் சிரமப்படாமல் காத்தான். வழியில் அதை யாரோ கவர்ந்து சென்றபோது, திருப்பித் தராவிட்டால் அந்த மக்களையே அழிப்பதாக மிரட்டினான். குதிரை திரும்பி வந்தது.

ஆனால் குதிரையிடம் காட்டிய நிதானம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கி.மு. 328-ல் சாமர்கண்டில் ஒரு மது விருந்து. கிரானிகஸ் போரில் அவன் உயிரைக் காத்த கிளைட்டஸ் கடுமையாகப் பேசிவிட்டான். அலெக்சாண்டர் ஈட்டியால் அவனைக் குத்திக் கொன்றான். பிறகு பல நாள் அழுது கிடந்தும் போன உயிர் வரவில்லை.

கி.மு. 326-ல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனுடன் போர். அதன் பின் பூசிபாலஸ் இறந்தது. காயத்தால் என்பர் சிலர்; முதுமையால் என்பர் சிலர். அந்த ஆற்றங்கரையில் பூசிபாலா என்று குதிரையின் பெயரிலேயே ஒரு நகரை நிறுவினான் அலெக்சாண்டர். அது இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதி.

அங்கிருந்து பியாஸ் நதி வரை சென்றதும் களைத்த வீரர்கள் மேலே வர மறுத்தார்கள். மூன்று நாள் கூடாரத்தில் அடைந்து கிடந்தான். அவர்கள் மசியவில்லை. கடைசியில் படையைத் திருப்பினான். கி.மு. 323-ல் பாபிலோனில் காய்ச்சலில் மாண்டபோது அவனுக்கு 33 வயது நிறையவில்லை.

குதிரையின் மிரட்சிக்குக் காரணம் தேடிய அந்தச் சிறுவன், நண்பனின் கோபத்துக்கும் ஒரு கணம் காரணம் தேடியிருந்தால் கிளைட்டஸ் பிழைத்திருப்பான்.