தோல்வியிலும் வழி கண்ட மேதை

ஒரு தேர்வில் தவறினாலே உலகம் இருண்டதாக எண்ணி நம்முள் பலர் கண்ணீர் வடிக்கிறோம். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முறையே தேறிய ஒருவர், பின்னாளில் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தந்தார். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12ஆம் நாள் பிறந்தார். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

பின்னர் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். சகோதரரின் உயிரைக் குடித்த ஸ்புரூவுக்கே அது மருந்தாயிற்று!

அதே காலத்தில் பாஸ்டன் குழந்தை நோயியல் வல்லுநர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அந்தோ! நோய் விரைந்து முற்றுவதுபோல் தோன்றிற்று. ஆயினும் அவர் அதை மறைக்கவில்லை. புற்றணுக்களுக்கு இவ்வமிலம் உணவாகுமெனில், அதைத் தடுக்கும் பொருள் அவற்றைப் பட்டினி போடுமல்லவா? சுப்பாராவின் குழுவினர் அத்தகைய அமினாப்டெரின் என்னும் மருந்தை ஆக்கித் தந்தனர்.

வேறு வழியே இல்லாதிருந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துச் சோதித்தார் ஃபார்பர். பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமே. நோய் மீண்டும் வந்தது. 1948 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் அவ்வுண்மையையும் ஒளிக்காமல் எழுதினார். குழந்தைகளைத் தாக்கும் தீவிர இரத்தப் புற்றுநோயை மருந்தால் தணிக்க இயலும் என்பதை உலகம் அன்றுதான் அறிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் மறைந்தார். பின்வந்தோர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும், ஒரு முறையை மற்றொன்றோடு ஒப்பிட்டும் சோதனைகளைத் தொடர்ந்தனர். இன்று செல்வ நாடுகளில், குழந்தைகளை மிகுதியாகத் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு ஆளாவோருள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய மற்றொரு மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் அச்சிகிச்சையில் இடம்பெறுகிறது.

அன்புத் தோழியரே, அந்த 16 குழந்தைகளையும் நாம் மறத்தல் ஆகாது. அவர்களுள் நோய் தணிந்தோர் பெற்றது சில மாத வாழ்வு. பின்வந்த குழந்தைகள் பெற்றதோ நெடிய வாழ்வு. தோல்வியை மறைக்காமல் ஆராய்வோருக்கே அது வழிகாட்டும். நாமும் அவ்வாறே கற்போமாக!