இரத்த வகை எங்கே இருக்கிறது? ஒளியால் காட்ட வழிசெய்த ஆல்பர்ட் கூன்ஸ்

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை என்றதும் மருத்துவர்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று இரத்த வகை. தானமாகக் கிடைப்பது சிறுநீரகம்தானே, இரத்தம் இல்லையே என்று பலருக்கும் தோன்றும். அதற்கான விடையைக் கண்ணால் காண வழிவகுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ்.

1912-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் குளோவர்ஸ்வில் நகரில் பிறந்த கூன்ஸ், 1937-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1939 கோடையில் பெர்லின் சென்றிருந்தபோது, சிறுவர்களின் இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றி அவர் சிந்தித்தார். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமியின் ஆன்டிஜென், பாதிக்கப்பட்ட இதயத் திசுவில் இருக்கிறதா? இருந்தால் அதை எப்படிப் பார்ப்பது?

எதிர்ப்பொருள் தனக்குரிய ஆன்டிஜெனைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். அந்த எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தால், அது ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் மின்னும். இதுவே அவருடைய யோசனை.

முதலில் பயன்படுத்திய சாயம் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. ஆனால் திசுவும் இயல்பாகவே நீலமாக ஒளிர்ந்ததால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஹார்வர்டு வேதியியலாளர்களின் உதவியுடன் பச்சையாக ஒளிரும் ஃப்ளூரசீன் சாயத்துக்கு மாறிய பிறகே வெற்றி கிட்டியது. அதற்குள் போர் குறுக்கிட்டது. ராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய கூன்ஸ், 1950-இல் மெல்வின் கப்லானுடன் சேர்ந்து அம்முறையை மேம்படுத்தினார். 1959-இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

இரத்த வகை ஆன்டிஜென்கள் உறுப்புகளிலும் உண்டு என்பது முன்பே தெரிந்ததுதான். ஆனால் திசுவிலிருந்து சாறு எடுத்துச் சோதிக்கும்போது, அவை இருப்பது தெரியுமே தவிர எந்த உயிரணுவில் இருக்கின்றன என்பது தெரியாது. 1960-இல் ஆரன் சுல்மன் என்ற ஆய்வாளர் கூன்ஸின் முறையைக் கையாண்டு அந்த இடங்களைக் காட்டினார். இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஏ, பி ஆன்டிஜென்கள் ஒளிர்ந்தன. சிலருக்குச் சளிச் சுரப்பிகளிலும் அவை காணப்பட்டன.

சிறுநீரகம் முழுவதும் இரத்தக் குழாய்கள். வகை பொருந்தாத சிறுநீரகத்தைப் பொருத்தினால், பெறுபவரின் எதிர்ப்பொருள்கள் முதலில் தாக்குவது அந்த உட்சுவரைத்தான். இரத்த வகை பார்ப்பதன் காரணம் இதுவே.

கூன்ஸ் 1978-இல் காலமானார். சிறுநீரகத் திசுப் பரிசோதனையிலும் லூபஸ் நோயைக் கண்டறியும் சோதனையிலும் அவருடைய பச்சை ஒளி இன்றும் மருத்துவர்களுக்கு வழிகாட்டுகிறது.