ஒற்றைக் கைப் பிரதமர்

வாஸ்கோடகாமா எந்த நாட்டுக்காரர்? போர்ச்சுகல் என்று சட்டென சொல்லி விடுவீர்கள். அதே நாட்டில் ஐந்து முறை பிரதமராக இருந்த ஒருவரைத் தெரியுமா, குட்டீஸ்? அவருக்கு வலது கை கிடையாது!

பெர்னார்டோ டி சா நொகெய்ரா, 1795ல் சான்டரெம் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து, நெப்போலியனின் படைகளை எதிர்த்துப் போரிட்டார்.

பிறகு, போர்ச்சுகலுக்குள்ளேயே சண்டை மூண்டது. மன்னர் வைத்ததே சட்டம் என்றது, தம்பி மிகேலின் கட்சி. மன்னரும் அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது, அண்ணன் பெட்ரோவின் கட்சி. பெர்னார்டோ, பெட்ரோவின் பக்கம். 1832ல், போர்டோ நகருக்கு அருகே ஒரு குன்றில் நடந்த சண்டையில், வலது கையை இழந்தார். அந்தக் குன்றின் பெயர் பன்டெய்ரா. கொடி என்று பொருள். அதுவே அவரது பட்டப்பெயரானது. அன்று முதல் அவர், சா ட பன்டெய்ரா.

அந்தக் காலத்தில், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து, கப்பலில் அடைத்து, பிரேசிலுக்குக் கொண்டுபோய் விற்றனர். அடிமை வியாபாரத்தில் பெரும் பங்கு, போர்ச்சுகீசியருக்குத்தான். 1836ல் பிரதமரான பன்டெய்ரா, ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து அடிமைகளை ஏற்றுமதி செய்யத் தடை போட்டார். ஆனால், கொழுத்த லாபம் கிடைக்கும்போது யார் கேட்பர்? அங்கிருந்த அதிகாரிகளே தடையை மதிக்கவில்லை. கப்பல்கள் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டே இருந்தன.

பன்டெய்ரா சோர்ந்து போனாரா? இல்லை! 1856ல், அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் அடிமைகள் அல்ல என்று சட்டம் வரச் செய்தார். அப்போதும், 20 வயது வரை எஜமானரிடம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. 1858ல், இருபது ஆண்டுகளில் அடிமை முறையே இருக்கக் கூடாது என்று கெடு விதிக்கப்பட்டது. அதுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. 1869ல் மீண்டும் பிரதமராக இருந்தபோது, போர்ச்சுகீசிய ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் அடிமை நிலையை ஒழித்து ஆணையிட்டார். முதல் தடை போட்டு, 33 ஆண்டுகள் ஆகியிருந்தன!

அப்போதும் விடுதலை முழுமையாகவில்லை. பழைய எஜமானரிடமே சில ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1875ல் வந்த சட்டம்தான், அதற்கும் முடிவு கட்டியது. மறு ஆண்டு ஜனவரியில், 80வது வயதில் பன்டெய்ரா காலமானார். அதன் பிறகும், கட்டாய வேலை வேறு பெயர்களில் தொடர்ந்தது வேதனையான உண்மை.

லிஸ்பன் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதன் அடியில், விலங்கு அறுந்த ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி, குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள்.

சட்டம் போடுவது ஒரு நாள் வேலை. அது நடக்கும்வரை விடாமல் நிற்பதுதான் பெரிய வேலை. புரிகிறதா, குட்டீஸ்?